ஏரி, மேய்க்கால், மலையடிவாரம்: வடாற்காட்டில் பொது நிலத்தைக் கண்காணிக்கத் தொடங்குபவர்களுக்கு

வேலூரிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் சிறிது நேரத்தில் ஒரு காப்புக்காட்டுப் பலகையோ ஓர் ஏரிக்கரையோ கண்ணில் பட்டுவிடும். நகரத்தை ஒட்டியே பாலமதி மலையும் அதன் அடியில் ஓட்டேரியும் இருக்கின்றன. கணியம்பாடியைத் தாண்டினால் அமிர்திக் காடும் ஜவ்வாது மலையும். மேற்கே குடியாத்தம், பேரணாம்பட்டுக் காடுகள் ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே வாலாஜாவுக்கு அருகில் பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குப் போகின்றன. மகேந்திரவாடிக் குடைவரைக் கோயிலின் பல்லவர் கல்வெட்டு அங்குள்ள ஏரியை மகேந்திர தடாகம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அத்தனை பழைய பொதுச் சொத்து இது.

இந்த நிலங்களைப் பார்த்துக்கொள்ள அலுவலர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வனக்காப்பாளர் கையில் இருக்கும் பரப்பு பெரிது. கிராம நிர்வாக அலுவலருக்குச் சான்றிதழ் வேலைகளே நாளைத் தின்றுவிடும். அவர்கள் வருவதற்கு நடுவில் உள்ள நாட்களில் அந்த நிலத்துக்கு என்ன நடக்கிறது என்பதை ஊரில் இருக்கிற யாராவது பார்த்து எழுதி வைத்தால் நிலம் பிழைக்கும். அப்படி எழுத முன்வரும் இளைஞர்கள், ஆசிரியர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோருக்காக இந்தக் கட்டுரை.

மரக்கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆர்வத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த நிலத்தின் புல எண் (சர்வே எண்) என்ன? பதில் தெரியவில்லை என்றால் கன்றுகளை நிழலில் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள் என்பேன். முதலில் எல்லை தெரிய வேண்டும். அடுத்து ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்து எழுத வேண்டும். மண்ணில் கை வைப்பது அதற்குப் பிறகு.

முதற்படி: காகிதத்தில் நிலத்தைக் கண்டுபிடியுங்கள்

தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நிலப்பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் வகையும் எழுதிய கிராம நிலப்பதிவேடான அ-பதிவேட்டின் விவரம் வரும். ஒரு புல எண் அரசுப் புறம்போக்குதானா என்று சரிபார்க்கவும் அதிலேயே வழி இருக்கிறது. புல எண்ணே தெரியாதபோது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தைப் பாருங்கள். ஏரி, ஓடை, பாதை, மலை எல்லாம் அதில் தனித்தனிக் குறிகளோடு இருக்கும்.

அ-பதிவேட்டில் பரப்பைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். கடைசியில் இருக்கும் குறிப்புப் பத்திதான் உயிர்நாடி. ஏரி, ஓடை, மேய்க்கால், தோப்பு, மந்தைவெளி, கல்லாங்குத்து (கற்பாங்கான தரிசு), மலை, வண்டிப்பாதை என்று அங்கே எழுதியிருப்பதை வைத்துத்தான் அந்த நிலம் எந்தத் துறையின் பொறுப்பு என்பது முடிவாகிறது. காப்புக்காடு என்றால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி வனத்துறை. ஏரி என்றால் ஆயக்கட்டைப் பொறுத்தது: 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் பெறும் ஏரிகளை நீர்வளத்துறையும், அதற்குக் கீழானவற்றை ஊராட்சி ஒன்றியமும் பராமரிக்கின்றன. மேய்ச்சல் நிலம், களம், மந்தைவெளி, தோப்பு போன்றவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆவது பிரிவு கிராம ஊராட்சிக்குத் தருகிறது. தரிசும் மற்ற புறம்போக்குகளும் வருவாய்த்துறையிடம் இருக்கும்.

பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஊர்ப் பெரியவர்கள் ஏக்கரிலும் சென்ட்டிலும் சொல்வார்கள். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய ஆவணம் தேடும்போது மாவட்டப் பெயரில் தடுமாற வேண்டியிருக்காது, வரலாறு தெரிந்தால். வடாற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் வேலூர் மறுபடியும் பிரிந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்கள் ஆயின. ஆற்காட்டுப் பக்கத்து ஏரியைப் பற்றிய பழைய கோப்பில் வேலூர் என்றும், அதற்கும் முந்தைய தாளில் வடாற்காடு என்றும் இருக்கும். மனு எழுதும்போது இன்றைய பெயரையும் பழைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொன்று. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்லும் அந்த வேலையில், புல எண்களும் உட்பிரிவுகளும் பல ஊர்களில் மாறின. பழைய பதிவேட்டில் ஓடை என்று இருந்த துண்டு புதிய பதிவேட்டில் வேறு வகையில் ஏறியிருக்கக்கூடும். ஆகவே இரண்டு பதிவேடுகளின் நகலையும் வாங்குங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். “ஏரியைப் பற்றிய எல்லாத் தகவலும் தருக” என்று எழுதினால் ஒன்றும் வராது. “இன்ன கிராமம், இன்ன புல எண்ணுக்கான யு.டி.ஆர்.-க்கு முந்தைய அ-பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்” என்று ஒரு வரியில் கேளுங்கள்.

இரண்டாம் படி: எல்லையை நடந்து பாருங்கள்

புலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தின் நகலோடு ஒரு நாள் காலையில் போங்கள். கூடவே அந்த நிலத்தில் ஆடு மாடு மேய்க்கும் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல் எங்கே புதைந்திருக்கிறது, எந்தக் கல் கடந்த கோடையில் காணாமல் போனது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

எல்லைக்கல் கண்ணுக்கு நேராக நிற்காது. பெரும்பாலும் வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) புதரின் அடியில், மண்ணுக்கு மேல் நான்கு விரல் உயரம்கூடத் தெரியாமல் கிடக்கும். கோலால் முள்ளை விலக்கி, பாம்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தலைப்பக்கத்து மண்ணைத் துடைத்தால் உளியால் வெட்டிய குறி தெரியும். மூன்று கிராமங்கள் சந்திக்கும் இடத்துக் கல்லையும், புலங்கள் மூன்று சந்திக்கும் முச்சந்திக் கற்களையும் முதலில் தேடுங்கள். மற்ற கற்களை அங்கிருந்துதான் அளந்து கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் உங்கள் கணக்குக்கு ஒரு எண் கொடுத்து, அலைபேசியில் இருக்குமிடக் குறியீட்டோடு படமெடுங்கள். கல்லை அசைக்காதீர்கள். சாய்ந்திருந்தாலும் நிமிர்த்தாதீர்கள். எல்லைக்கல்லை நகர்த்தும் உரிமை நில அளவருக்கு மட்டுமே உண்டு; நல்லெண்ணத்தோடு நிமிர்த்திய கல்லால் வழக்கு தோற்றுப்போகும். கல் இல்லாத இடங்களைப் பட்டியலிட்டு, எல்லை அளந்து காட்டுமாறு வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். ஏரி என்றால், நிரம்பிய நீர் வழிந்தோடும் கலங்கலின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏரி கோடி போகும் நாளில் தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அதுவரையும் ஏரிதான், கோடையில் அங்கே யார் உழுதிருந்தாலும்.

காப்புக்காட்டு எல்லை வேறு மாதிரி. அங்கே கற்குவியல்களும் எண் எழுதிய எல்லைக்கற்களும் இருக்கும். அவற்றை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அனுமதியும் துணையும்

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். உங்கள் நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் சட்டம் அதைக் கேட்காது. மாவட்ட வன அலுவலருக்கு முகவரியிட்டு, உங்கள் பகுதி வனச்சரகர் வழியாக ஒரு கடிதம் கொடுங்கள்: யார் யார், எந்தப் பகுதி, எந்த மாதங்கள், என்ன பார்க்கப் போகிறீர்கள், எடுத்த பதிவை யாருக்குக் கொடுப்பீர்கள். கடைசி வரி முக்கியம். பதிவு தங்களிடம் வந்து சேரும் என்று தெரிந்தால் அலுவலர்கள் உடன் ஒரு வனக்காவலரை அனுப்பி வைப்பார்கள்.

ஊர்ப் புறம்போக்கு என்றால் ஊராட்சியின் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுவைத் தேடுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இப்படியொரு குழு இருக்க வேண்டும் என்கிறது; மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு எழுதுவது அதன் வேலை. உங்கள் ஊரில் அது பெயரளவில் இருந்தால், உங்கள் பதிவுகளை அந்தப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி உயிர் கொடுங்கள்.

காட்டையும் கொல்லையையும் நம்பி வாழும் இருளர் குடும்பங்களையும், ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு மேய்ச்சல், சிறு வனப்பொருள் சேகரிப்பு உள்ளிட்ட உரிமைகளைத் தந்திருக்கிறது. புளியோ தேனோ எடுத்து வரும் ஒருவரைப் படமெடுத்துப் புகார் அனுப்புவது அநியாயம். அதோடு, உங்களுக்கு ஊரில் பேசக்கூடிய கடைசி ஆளையும் இழந்துவிடுவீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகாதீர்கள். மாலை ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில் கவுண்டின்யாவிலிருந்து யானைகள் இறங்கும். முந்தைய நாள் யானை வந்த செய்தி இருந்தால் அன்றைய நடையை ரத்து செய்யுங்கள். தரையில் உருண்டையாக, துணியோ நூலோ சுற்றிக் கிடக்கும் எதையும் தொடாதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்னும் வெடி அது, கையைப் பிய்த்துவிடும். மலையடிவாரக் கொல்லைகளைச் சுற்றித் தாழ்வாகக் கட்டிய கம்பியில் திருட்டு மின்சாரம் ஓடலாம். அதைத் தாண்டவோ விலக்கவோ வேண்டாம். பாதை சுற்றினாலும் சுற்றிப் போங்கள்.

நான்காம் படி: பதிவேடு

இதுதான் முழு வேலையின் நடுத்தூண். செயலிகள் வரும் போகும். கெட்டி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு பத்து ஆண்டு நிற்கும். பக்கங்களுக்கு எண் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். தாளைக் கிழிக்காதீர்கள். தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசிய பதிவை எந்த அலுவலரும் நம்ப மாட்டார்.

ஒவ்வொரு பதிவிலும் மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, நீங்களாக ஊகித்தது. புதியவர்கள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகிறார்கள். “நேற்று இரவு மண் திருடியிருக்கிறார்கள்” என்று எழுதினால் அது ஊகம். அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

“காலை 7.10. 4ஆம் கல்லிலிருந்து கிழக்கே 30 அடி. புதிதாக வெட்டிய பள்ளம்; நீளம் 12 அடி, அகலம் 8 அடி, ஆழம் முழங்கால் அளவு. பள்ளத்தின் ஓரத்து மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. டிராக்டர் சக்கரத் தடம் பள்ளத்திலிருந்து வண்டிப்பாதை வரை போகிறது. படம் 3. கேட்டது: இரவு பத்து மணிக்கு மேல் வண்டிச் சத்தம் கேட்டதாக மேய்ப்பவர் சொன்னார். ஊகம்: ஒன்றுக்கு மேற்பட்ட நடை மண் போயிருக்கலாம்.”

இந்தப் பதிவில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ஆனால் வருவாய் ஆய்வாளர் ஒருவர் இதை வைத்துக்கொண்டு நேரே அந்த இடத்துக்குப் போய் நிற்க முடியும். ஆட்களின் பெயரை நோட்டில் எழுதாதீர்கள். வண்டி எண் கண்ணில் பட்டால் எழுதுங்கள்.

அடுத்தது நிலைப்படம். நிலத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பாறை, மதகு, எல்லைக்கல் போல நகராத ஒன்றின் மேலோ அருகிலோ நிற்கும்படி இருக்கட்டும். அலைபேசியை நெஞ்சு உயரத்தில், படுக்கைவாக்கில் பிடியுங்கள். சட்டகத்துக்குள் மலை முகடு, மின்கம்பம், கோயில் கோபுரம் என்று மாறாத இரண்டு பொருள்களாவது விழ வேண்டும். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு படம். அடுத்த முறை போகும்போது பழைய படத்தை அலைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அதே முகடு அதே மூலையில் விழும்வரை நகர்ந்து நின்று எடுங்கள். கோப்பின் பெயரில் தேதி, இட எண், திசை மூன்றும் இருக்கட்டும்.

எப்போது எடுப்பது? நம் பகுதிக்கு நான்கு தவணை சரியாக வரும்: ஏப்ரல் கடைசியில் வறட்சியின் உச்சத்தில் ஒன்று, தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு செப்டம்பர் கடைசியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து பொங்கலை ஒட்டி ஒன்று, புல் காய்ந்து தீக்காலம் தொடங்கும் பிப்ரவரி கடைசியில் ஒன்று. தேதி முன்பின் ஆகலாம். தவணை தவறக் கூடாது. ஒரு முறை எடுத்த அழகான படத்தைவிட, ஐந்து ஆண்டு ஒரே இடத்தில் எடுத்த மங்கலான படங்கள் நூறு மடங்கு பேசும்.

ஐந்தாம் படி: என்ன அளப்பது

எல்லாவற்றையும் அளக்க ஆசைப்பட்டால் மூன்றாம் மாதம் நின்றுபோகும். தண்ணீர், செடிகொடி, பறவை, மனிதத் தொந்தரவு ஆகிய நான்கும் போதும்.

தண்ணீரில் தொடங்குங்கள். மழைமானி ஒன்று பள்ளிக்கூட மாடியில் வைத்து, வானிலைத் துறை எடுக்கும் அதே நேரத்தில், காலை 8.30 மணிக்கு அளவெடுங்கள். ஏரி என்றால் மதகுச் சுவரில் அடிக்கணக்கு எழுதச் சொல்லி அனுமதி வாங்கி வாரம் ஒரு முறை மட்டம் குறியுங்கள். வரத்துக்கால்வாயை ஆண்டுக்கு ஒரு முறை, ஆடி மாதத்துக்குள், தலை முதல் கடைவரை நடந்தே தீர வேண்டும். ஏரி நிரம்பாததற்குப் பாதிக் காரணம் ஏரியில் இருக்காது. மேலே கானாற்றிலிருந்து வரும் கால்வாயை யாரோ தூர்த்திருப்பார்கள். நிலத்தடி நீருக்குப் பக்கத்துத் திறந்த கிணறு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றில் கல் கட்டி விளிம்பிலிருந்து நீர்வரை உள்ள ஆழத்தை மாதம் ஒரு முறை அளக்கலாம். அமிர்திப் பக்கத்து மலையிலிருந்து வரும் நாகநதியின் படுகையில் நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் தடுப்பணைகளும் நீர்செறிவூட்டும் உறைகிணறுகளும் அமைத்தார்கள். அது போன்ற வேலை உங்கள் ஊரில் நடப்பதாக இருந்தால், வேலைக்கு முந்தைய ஓராண்டுக் கிணற்றுக் கணக்கு கையில் இருக்கட்டும். முன்கணக்கு இல்லாமல் பலனை யாராலும் காட்ட முடியாது.

செடிகொடிக்கு, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரங்கள் சிலவற்றைக் கயிறு கட்டிக் குறியுங்கள். உள்ளே இருக்கும் மரங்களின் பெயரும், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவும். அதன் ஒரு மூலையில் ஒரு மீட்டர் சதுரம் வைத்துப் புல், பூண்டு, நாற்றுகளை எண்ணுங்கள். பெயர் தெரியாத செடிக்கு ஊர்ப் பெயரையே எழுதுங்கள். உசிலை, சூரை, காரை, ஆவாரை, விராலி, அழிஞ்சில் என்று பாட்டிமார் சொல்லும் பெயர்கள் துல்லியமானவை. தாவரவியல் பெயரைப் பிறகு ஒரு கல்லூரி ஆசிரியரிடம் கேட்டுச் சேர்க்கலாம்.

பறவைகளுக்கு, காலையில் ஒரே பாதையில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி எழுதுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் பட்டியலையும் சேர்க்கலாம். புதியவர்கள் பழக அதைவிட நல்ல நாட்கள் இல்லை. ஏரியில் நத்தைக்குத்தி நாரை, தாழைக்கோழி, முக்குளிப்பான். கல்லாங்குத்தில் ஆள்காட்டி, கவுதாரி, வானம்பாடி என்று மெதுவாகக் கண் பழகும். கூடு கண்டால் இடத்தை இணையத்தில் வெளியிடாதீர்கள். தேவாங்கு, மண்ணுளிப்பாம்பு கண்டாலும் அப்படியே. இரண்டையும் தேடி அலையும் கடத்தல்காரர்கள் இருக்கிறார்கள்.

தொந்தரவுக் கணக்கில் வெட்டிய அடிமரம், குப்பைக் குவியல், புதிய வண்டித்தடம், எரிந்த பரப்பு, சாய்ந்த கல் ஆகியவற்றை எண்ணிக்கையாக எழுதுங்கள்.

தீ

பிப்ரவரி முதல் மே வரை மலைப்பக்கம் புகை தெரிந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், பிறகு 101. உங்கள் பகுதி வனவர், வனக்காப்பாளர் எண்களைத் தீக்காலம் தொடங்கும் முன்பே குழுவில் எல்லோரும் வைத்திருக்க வேண்டும். டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் கண்ட தீயைப் பதிவு செய்துகொண்டவர்களின் அலைபேசிக்கு இலவசமாக அனுப்புகிறது. பொதுமக்கள் யாரும் பதியலாம். அதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. அந்தச் செயற்கைக்கோள்களில் முக்கியமான ஒன்று பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் பின்னிரவு ஒன்றரை மணியளவிலும்தான் நம் மேல் கடக்கிறது. மாலை நான்கு மணிக்குப் பற்றிய தீயை ஊர்க்கண்தான் முதலில் பார்க்கும்.

சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். தீக்கு மேலே ஒருபோதும் நிற்காதீர்கள். பயிற்சி இல்லாதவர்கள் அணைக்கப் போக வேண்டாம். வழி காட்டுவதும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதும் போதிய உதவி. அணைந்த பிறகு எரிந்த எல்லையைச் சுற்றி நடந்து வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரே பாதையோரத்தில் தீ தொடங்குவது மூன்று ஆண்டு வரைபடங்களை அடுக்கினால் தெரிந்துவிடும். தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்ட வேண்டும் என்று வனத்துறையிடம் கேட்க அந்த அடுக்கே போதும்.

ஆறாம் படி: இப்போது மண்ணில் கை வைக்கலாம்

ஓராண்டுப் பதிவு கையில் வந்ததும் நிலம் தானே சொல்லும் அதற்கு என்ன வேண்டும் என்று. நம் பக்கத்தில் பெரும்பாலும் முதல் வேலை வேலிகாத்தானாக இருக்கும். சீமைக்கருவேலத்தை அரைகுறையாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேர்த்தலையோடு தோண்டி எடுக்க வேண்டும். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்: புறம்போக்கு மரம் அரசுச் சொத்து, மதிப்பிட்டு ஏலம் விட்டுத்தான் அகற்ற முடியும். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்குத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஒரேயடியாக முழு ஏரியையும் பொக்லைன் விட்டுச் சுரண்டாதீர்கள். நாரைகள் அந்த முள்ளில்தான் கூடு கட்டியிருக்கக்கூடும். பகுதி பகுதியாக, கூடு கட்டும் காலம் தவிர்த்து எடுங்கள். எடுத்த இடத்தில் அடுத்த இரண்டு மழைக்காலங்கள் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். ஆடு மாடு தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். இந்தப் பின்வேலையை விட்டுவிட்டால் செலவழித்த பணம் முழுக்க வீண்.

மரம் நடுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. புல்லும் ஆவாரையும் மண்டிய மேய்க்காலை “வெறும் பொட்டல்” என்று நினைத்துக் குழி வெட்டுவது கெடுதல். கவுதாரிக்கும் ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும் அந்தத் திறந்த தரைதான் வீடு. ஊர் ஆடுகளுக்கு அதுவே தீவனம். நட வேண்டிய இடங்கள் வேறு: ஏரிக்கரையின் வெளிச்சரிவு ஓரம், ஓடைக்கரை, வேலிகாத்தான் எடுத்த இடம். ஓடைக்கு நீர்மருது, புங்கன், நாவல்; மேட்டுக்கு உசிலை, வெள்வேல், வேம்பு; கரையோரத்துக்குப் பனை. கன்று நட்ட எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவதோடு நின்றுவிடாமல், முதல் கோடை கழிந்து உயிரோடு இருக்கும் எண்ணிக்கையை ஜூன் மாதம் நோட்டில் எழுதுங்கள்.

ஏழாம் படி: ஆக்கிரமிப்பும் மண் திருட்டும் கண்டால்

நேரில் மோதாதீர்கள். இரவில் வண்டியைத் துரத்தாதீர்கள். கண்ட அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில், உங்கள் பதிவின் நகலோடு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். எண் கிடைத்த மனுவைத்தான் பின்தொடர முடியும்.

ஆக்கிரமித்தவர் “எனக்கு பி-மெமோ போட்டிருக்கிறார்கள், ஆண்டாண்டாகக் கட்டி வருகிறேன்” என்பார். பி-மெமோ என்பது அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்பதற்குப் போடும் தண்டம். அந்த ரசீது நிலத்தை அவருடையது ஆக்காது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், நீர்வளத்துறை ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் அகற்றும் வழியைச் சொல்கின்றன. ஊர்ப் பொது நிலங்களை மீட்டு ஊருக்கே ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனுவில் இந்த மூன்றில் பொருந்துவதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். வாழ வழியில்லாமல் குடிசை போட்டிருக்கும் குடும்பம் என்றால், மாற்று இடம் கேட்டு அவர்களோடு சேர்ந்தே மனு எழுதுங்கள். வீட்டுமனை விற்பனைக்குக் கல் நட்டவரையும் அவர்களையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பாது.

பாலாற்றுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சட்டத்தின் பலம் புதிதல்ல. தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பைச் சுமக்க வேண்டும், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு நெறிகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது.

எட்டாம் படி: பதிவை அலுவலகக் கோப்பில் ஏற்றுங்கள்

உங்கள் அலமாரியில் இருக்கும் நோட்டு நிலத்தைக் காக்காது. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு பக்கங்களில் சுருக்கம் தயாரியுங்கள்: எல்லைக்கல் நிலவரம், நான்கு தவணைப் படங்களில் சிறந்தவை, தண்ணீர்க் கணக்கு, தொந்தரவுக் கணக்கு, கேட்கும் நடவடிக்கை. வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி மே, ஜூன் வாக்கில் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் நடக்கும். அ-பதிவேடும் பயிர்க்கணக்கான அடங்கலும் ஆக்கிரமிப்புப் பதிவேடும் மேசை மேல் விரித்திருக்கும் அந்த நாளில், உங்கள் கிராமத்தின் முறை வரும்போது சுருக்கத்தைக் கொடுங்கள். ஒரு நகல் வனச்சரகருக்கு, ஒன்று ஊராட்சிக்கு.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரியைப் பற்றிப் பேச ஏற்றது. வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல், புல எண்ணும் பரப்பும் குறிப்பிட்ட தீர்மானமாக எழுதி வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். தீர்மான எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டு எழுதும் ஒவ்வொரு மனுவிலும் அதை மேற்கோள் காட்டுங்கள். நோட்டு நிரம்பியதும் புதிய நோட்டில் கற்களின் எண்களையும் நிலைப்பட இடங்களையும் முதலில் பெயர்த்து எழுதுங்கள். பழையதன் ஒளிநகலை ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் ஒவ்வொன்று வைத்துவிட்டு, அடுத்த தவணைக்கு உங்களைவிட இளையவர் ஒருவரை அழைத்துச் சென்று, முதல் கல்லை அவரையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.